ஆடி ஞாயிறு ஸ்டீல் கிட்டார் கச்சேரி, தர்மபுரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருஷம் கச்சேரி முடிந்த நாளிலிருந்து கடைவீதியிலும் பஸ் ஸ்டாண்டிலும் பார்க்கிறவர்கள் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். இந்த வருஷ வேலை ஆரம்பித்துவிட்டதால் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

இது என்ன கச்சேரி? எப்போது, எங்கே?

ஆடிப்பெருக்கு கழிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, மாலை 4 மணிக்கு. இடம் தர்மபுரி பென்னாகரம் ரோட்டில் உள்ள கல்யாண மண்டபம். அழைப்பிதழில் வழி போட்டிருக்கிறோம். எட்டுப் பேர் ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறோம். கூட ஒரு தபலா, ஒரு மிருதங்கம், ஒரு கீபோர்டு. வருகிற பணம் முழுவதும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காது கேளாமல் பிறந்த குழந்தைகளின் காது கேட்கும் கருவிச் செலவுக்கும், கேட்டுப் பேசும் பயிற்சிக்குப் போய்வரும் செலவுக்கும் போகிறது.

ஏன் ஆடியில் என்று பலர் கேட்கிறார்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லை, மண்டபம் சும்மா கிடக்கும். மண்டபத்துக்காரர் வாடகை வாங்குவதில்லை. கரண்ட் பில்லும் பெருக்கித் துடைப்பவர்களின் கூலியும் மட்டும் கொடுத்தால் போதும் என்றுவிட்டார். தையில் கேட்டிருந்தால் யாராலும் இப்படிக் கொடுத்திருக்க முடியாது. ஆடிப்பெருக்கு அன்றே வைத்தால் ஒகேனக்கல் கூட்டத்தில் பென்னாகரம் ரோட்டில் நகரவே முடியாது. அதனால்தான் அடுத்த ஞாயிறு.

ஸ்டீல் கிட்டார் என்றால் எஃகில் செய்த கிட்டாரா?

இல்லை. பெரும்பாலும் மரம்தான். எஃகு என்பது இடது கையில் பிடிக்கும் பார். உள்ளங்கைக்குள் அடங்கும் வழவழப்பான உருளை. கிட்டாரை மடியிலோ மேஜையிலோ மல்லாக்கப் படுக்க வைத்து, அந்த பாரைக் கம்பி மேல் வைத்து நகர்த்தி, வலது கையில் நகம் போல மாட்டிய பிக்குகளால் மீட்டுவோம்.

சாதாரண கிட்டாரில் விரலால் கம்பியை அழுத்தினால் அது கீழே குறுக்காகப் பதித்திருக்கும் பிரெட் என்ற உலோகக் கோட்டில் போய் முட்டும். சுரம் அங்கே பூட்டிக்கொள்ளும். இதில் கம்பி உயரத்தில் நிற்கிறது, எதிலும் முட்டாது. பிரெட் கோடுகள் வெறும் அடையாளம். பார் அந்தக் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும், ஒரு நூல் தள்ளிப்போனாலும் அபசுரம்தான். இவ்வளவு பாடுபட்டாலும் பலன் உண்டு. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நடுவில் உள்ளதையும் தொட்டுக்கொண்டு போகலாம். மனிதக் குரல் அப்படித்தான் போகிறது. முதல் தடவை கேட்கிறவர்கள் "யாரோ வாயை மூடிக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறது" என்பார்கள்.

ஹவாயன் கிட்டார், லேப் ஸ்டீல், பெடல் ஸ்டீல் எல்லாம் ஒன்றா?

ஒரே குடும்பம். நம் பக்கம் எல்லாவற்றையும் ஹவாயன் கிட்டார் என்றுதான் சொல்வோம். மடியில் வைத்து வாசிப்பது லேப் ஸ்டீல். காலுடன் நிற்கும் மேஜை போன்றது பெடல் ஸ்டீல்; அதில் வழக்கமாகப் பத்துக் கம்பிகள். கால் பெடலையும் முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களையும் கொண்டு, மீட்டிய கம்பியின் சுருதியை அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஏற்றி இறக்கலாம். அமெரிக்காவின் 'கன்ட்ரி' வகைப் பாடல்களில் 1950களிலிருந்து கேட்கும் அந்த இழுவை இதுதான். நம் கச்சேரியில் ஒரே ஒரு பெடல் ஸ்டீல் உண்டு, ஓசூரிலிருந்து வருகிறது. அதைக் கேட்பதோடு கிட்டத்தில் போய்ப் பார்க்கவும் வேண்டும். இடைவேளையில் மேடைக்கு வாருங்கள், அடியில் உள்ள கம்பிகளும் நெம்புகோல்களும் எப்படி இழுக்கின்றன என்று திறந்து காட்டச் சொல்லியிருக்கிறேன்.

இதைக் கண்டுபிடித்தது யார்?

ஜோசப் கெக்குகு என்ற ஹவாய்க்காரர் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். 1874ல் ஓவாஹு தீவில் பிறந்தவர். பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது கிட்டாரை எடுத்துக்கொண்டு ரயில் தண்டவாளத்தின் ஓரமாக நடந்தவர், கீழே கிடந்த ஒரு போல்ட்டை எடுத்துக் கம்பியில் உரசிப் பார்த்தார் என்பது கதை. அப்புறம் கத்தியின் முதுகு, சீப்பு என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, கடைசியில் எஃகுத் துண்டுக்கு வந்து சேர்ந்தார். 1904ல் ஊரைவிட்டுக் கிளம்பி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாசித்தார், 1932ல் இறந்தார். அவருக்கு முன்பே கேப்ரியல் டேவியன் என்ற, இந்தியாவில் பிறந்த ஒருவர் ஹவாயில் இப்படி வாசித்தார் என்று ஒரு பேச்சும் உண்டு. அதை உறுதி செய்ய முடியாது, ஆனால் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சந்தைக்கு வந்து நிலைத்த முதல் மின்சார கிட்டாரே மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்தான். 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பாக்கர் செய்தது. வட்ட உடம்பும் நீளக் கைப்பிடியுமாக வாணலி போல இருக்கும்.

நம் வாத்தியம் இல்லையே இது?

இந்தக் கேள்வியை வருத்தத்தோடு கேட்டவர் ஒரு பெரியவர். அவருக்குச் சொன்னதையே சொல்கிறேன். கம்பி மேல் ஒரு துண்டை நகர்த்தி ராகம் வாசிப்பது நமக்குப் புதிதே இல்லை. கோட்டு வாத்தியம் இருக்கிறதே! சித்திரவீணை என்றும் சொல்வோம். வீணை போல இருக்கும், பிரெட் போன்ற மெட்டுகள் கிடையாது, அடியில் ஒலிக்கும் துணைக் கம்பிகளையும் சேர்த்து வழக்கமாக 21 கம்பிகள். இடது கையில் கருங்காலிக் கட்டை. திருவிடைமருதூர் சகாராம ராவ் அதைப் பெயர் சொல்ல வைத்தார், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி போன்றவர்கள் வளர்த்தார்கள். எங்கள் கையில் கட்டைக்குப் பதில் எஃகு இருக்கிறது, அவ்வளவுதான்.

ஹவாய் பாணி நம் நாட்டுக்கு வந்தது பெரும்பாலும் கல்கத்தா வழியாக. டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் 1940களில் குடும்பத்தோடு அங்கே தங்கி வாசித்தார். வங்காளத்தில் வீட்டுக்கு வீடு ஹவாயன் கிட்டார் பரவியது. பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி ராகங்களை முழுமையாக வாசித்துக் காட்டினார். விஸ்வ மோகன் பட் அதற்குத் துணைக் கம்பிகள் சேர்த்து மோகன வீணை என்று பெயரிட்டார். 1994ல் கிராமி விருதும் வாங்கினார்.

தர்மபுரியில் இதை யார் சொல்லிக் கொடுத்தது?

எங்களில் மூன்று பேருக்கு ஒரே குரு. ரயில்வேயில் வேலை பார்த்தவர். கரக்பூரில் இருந்த காலத்தில் ஒரு வங்காளியிடம் கற்றுக்கொண்டு, ஓய்வு பெற்றபின் மொரப்பூரில் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போவோம். மெயில் வண்டி கடக்கும்போது வாசிப்பை நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியதும் விட்ட சுரத்திலிருந்தே எடுப்பார். "அழுத்தாதப்பா, பார் கம்பி மேல உக்காரணும், அவ்வளவுதான்" என்பதை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பார் என்று தெரியாது. இன்றைக்கும் மேடையில் பதற்றத்தில் இடது கை இறுகும்போது அந்தக் குரல்தான் காதில் விழுகிறது. அவர் இப்போது இல்லை. அவருடைய பார் என்னிடம் இருக்கிறது. அவர் விரல் பட்ட பக்கம் மட்டும் மெருகு போய் மங்கலாக இருக்கும்.

மற்றவர்களில் இருவர் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த தமிழர்கள். 2001ல் சுரங்கத்தை மூடியபோது கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டார்கள்.

காது கேட்காத குழந்தைகளுக்காகப் பாட்டுக் கச்சேரியா?

நோட்டில் அதிகமுறை எழுதியிருப்பது இந்தக் கேள்விதான். ஆரம்பத்தில் எனக்கே இருந்தது. முதல் வருஷம் நாலைந்து குடும்பங்களை அழைத்திருந்தோம். பாலக்கோடு பக்கத்திலிருந்து நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்திருந்தது. கருவி இன்னும் பொருத்தவில்லை. கச்சேரிக்கு முன் நான் மேஜையில் கிட்டாரை வைத்துச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றது. அதன் கையை எடுத்துக் கிட்டாரின் பெட்டி மேல் வைத்து, தடித்த கம்பியை மெதுவாக மீட்டினேன். வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் அதுவாகவே கையை வைத்தது. மறுபடி மீட்டினேன். இந்த முறை எடுக்கவில்லை. ஒலி தேய்ந்து அடங்கும்வரை அப்படியே வைத்திருந்து, அடங்கியதும் என் வலது கையைத் தொட்டு, 'இன்னும்' என்பது போலத் தட்டியது. பிறகு கன்னத்தை மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அந்த அம்மா எதுவும் பேசவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அதனால் இப்போது முன்வரிசையில் மேஜை ஒன்று போட்டு, அதன் மேல் ஒரு பழைய ஹவாயன் கிட்டாரை வைத்துவிடுகிறோம். குழந்தைகள் வந்து தொட்டுப் பார்க்கலாம், மீட்டலாம். கம்பி அறுந்தால் மாட்டிக்கொள்ளலாம்.

காக்ளியர் கருவி, அதாவது ஆபரேஷன் செய்து உட்காதில் வைக்கும் கருவி, பொருத்திய குழந்தைகளைப் பற்றி ஒரு விஷயம். அந்தக் கருவி பேச்சைப் புரியவைப்பதற்காகச் செய்தது. அதன் வழியாகத் தாளம் நன்றாகத் தெரியும், சுருதியின் ஏற்ற இறக்கம் அவ்வளவாகத் தெரியாது. எங்கள் இழுவையெல்லாம் அவர்களுக்கு நாம் கேட்பது போலக் கேட்காது. அதனால் நடுவில் கால் மணி நேரம் பம்பைக்காரர்கள் வாசிக்கிறார்கள். போன வருஷம் குழந்தைகள் எழுந்து ஆடியது அப்போதுதான்.

தகடூர் என்று இருந்த இந்த ஊரை ஆண்ட அதியமானை அவ்வை பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் 92ஆவதாக இருக்கிறது. குழந்தையின் மழலை யாழோடும் ஒத்துவராது, காலத்தோடும் சேராது, பொருளும் விளங்காது. ஆனாலும் தந்தையருக்கு அது அருள் சுரக்க வைக்கிறது என்கிறார். பயிற்சிக்குப் போகும் ஒரு குழந்தை இரண்டு வருஷம் கழித்து முதல்முறையாக "ம்மா" என்றபோது அந்த அறையில் நான் இருந்தேன். அந்த வரிகளைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருந்தாலும் அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் ஆயிற்று.

அரசே இலவசமாக ஆபரேஷன் செய்கிறதே, அப்புறம் பணம் எதற்கு?

செய்கிறது, அது பெரிய விஷயம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவியும் அறுவை சிகிச்சையும் கிடைக்கின்றன. லட்சக்கணக்கில் ஆகும் செலவு அது. குடும்பத்தைத் தடுக்கி விழவைப்பது அதற்கப்புறம் வரும் சில்லறைச் செலவு.

கருவிக்கு இரண்டு பாகம். ஒன்று தோலுக்குள்ளே இருப்பது. இன்னொன்று காதுக்குப் பின்னால் மாட்டும் பிராசசர். அதிலிருந்து மெல்லிய ஒயர் போய்த் தலையில் காந்தத்தால் ஒட்டும் வட்டத்தில் சேரும். குழந்தை விளையாடும்போது அந்த ஒயர்தான் முதலில் போகும். ஒயர் போனால் கருவி முழுவதும் ஊமை. பேட்டரி இன்னொன்று. பொத்தான் போன்ற ஜிங்க் ஏர் பேட்டரி. அதன் மேல் சின்னத் தாள் ஒட்டியிருக்கும், அதை உரித்துக் காற்றுப் படவிட்டு ஒரு நிமிடம் கழித்துப் போட வேண்டும். சில மாடல்களில் அது இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். உரித்த பேட்டரியை மறுபடி ஒட்டிச் சேமிக்கவும் முடியாது. மாச சாமான் லிஸ்டில் அரிசி பருப்போடு இதுவும் சேர்ந்துகொள்கிறது. கையில் காசு இல்லாத வாரத்தில் கருவி பெட்டிக்குள் போய்விடும். அந்த வாரம் குழந்தை எதையும் கேட்பதில்லை.

அதைவிடப் பெரியது பயிற்சி. ஆபரேஷன் முடிந்த மறுநாளே குழந்தை பேசிவிடாது. ஒலி என்றால் என்ன, எந்த ஒலிக்கு என்ன பொருள் என்று ஒவ்வொன்றாகக் கற்க வேண்டும். குறைந்தது ஒரு வருஷம், பலருக்கு இரண்டு மூன்று வருஷம், வாரம் தவறாமல் பயிற்சிக்குப் போக வேண்டும். சித்தேரி மலையில் இருக்கும் ஒரு அம்மா அரூருக்கு இறங்கி, அங்கிருந்து தர்மபுரி வந்து திரும்பினால் ஒரு நாள் முழுவதும் போய்விடும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் தூரப் பஸ்ஸுக்குக் காசு வேண்டும். அன்றைய கூலியும் போய்விடும். அஞ்செட்டி, தளி பக்கத்திலும் இதே கதைதான். "அடுத்த வாரம் போய்க்கலாம்" என்று இரண்டு முறை தள்ளிப்போட்டால் அப்புறம் அப்படியே நின்றுபோகிறது. நாங்கள் பஸ் செலவோடு அன்றைய கூலிக்கும் சேர்த்துக் கொடுப்பது அதனால்தான்.

பணத்தை எப்படிக் கொடுப்பது?

நுழைவுக் கட்டணம் இல்லை. வாசலில் மேஜை போட்டு, கல்யாண வீட்டில் போலவே மொய் நோட்டு வைத்திருப்போம். பேர், ஊர், தொகை எழுதிக் கொடுக்கலாம். பத்து ரூபாய் எழுதியவர்களும் உண்டு, அதுவும் நோட்டில் அதே அளவு எழுத்தில்தான் இருக்கிறது. பேர் எழுத விருப்பமில்லை என்றால் பக்கத்தில் உண்டியல் இருக்கும். மொய் செய்தால் திருப்பிச் செய்வார்கள் என்பது ஊர் வழக்கம். இது திரும்பி வராது என்று மேஜையில் இருக்கும் அக்கா எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வாங்குவார்.

கடைசிப் பாட்டுக்கு முன் மொத்தத்தை எண்ணி மைக்கில் வாசித்துவிடுவோம். மண்டபத்தின் கரண்ட் பில், கூலி, மைக் செட் மூன்றையும் வாசிக்கும் எட்டுப் பேர் எங்கள் கையிலிருந்து போட்டுவிடுகிறோம். யாருக்கு ஒயர் வாங்கியது, எத்தனை அட்டை பேட்டரி, எத்தனை நடை பஸ் செலவு என்ற கணக்கு அடுத்த வருஷம் அதே மேஜையில் இருக்கும், யாரும் புரட்டிப் பார்க்கலாம். குழந்தைகளின் பேர் மட்டும் அதில் இருக்காது.

வருமான வரிக்கு ரசீது உண்டா?

கிடையாது. நாங்கள் பதிவு செய்த அறக்கட்டளை இல்லை, 80ஜி சலுகை கிடைக்காது. அது அவசியம் என்றால் தகுதியுள்ள அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு, பாட்டுக் கேட்க மட்டும் இங்கே வாருங்கள். மனதார வரவேற்கிறோம்.

போன வருஷம் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சலாக இருந்ததே?

ஆமாம், முதல் அரை மணி நேரம் பாழாயிற்று. கேட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டீல் கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தின் மேல் சுற்றிய செம்புக் கம்பி. ஒற்றைச் சுருளாக இருந்தால் எங்கள் கம்பியின் அதிர்வோடு அக்கம்பக்கத்து மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். மேடையைச் சுற்றி சீரியல் பல்பு கட்டியிருந்தார்கள், ஆம்ப்ளிஃபையரும் அதே லைனில் இருந்தது. பல்பை அணைத்தோம், நான் நாற்காலியை ஒரு பக்கம் திருப்பிப் போட்டேன், பாதி அடங்கியது. மீதி எர்த் கோளாறு. இந்த முறை ஆம்ப்ளிஃபையருக்குத் தனி லைன் இழுக்கச் சொல்லிவிட்டோம், மேடையில் சீரியல் பல்பு இல்லை. கருவி மாட்டிய குழந்தைகளுக்கும் இரைச்சல் பெரிய தொல்லை. அதனால் ஸ்பீக்கர் சத்தத்தையும் குறைத்தே வைப்போம். பின்னால் உட்கார்ந்து கேட்கவில்லை என்றால் முன்னால் வந்துவிடுங்கள்.

என்ன பாட்டு வாசிப்பீர்கள்? விருப்பப் பாட்டு கேட்கலாமா?

மோகனத்தில் ஆரம்பம், அப்புறம் கல்யாணி, காபி. இடைவேளைக்குப் பின் பழைய சினிமாப் பாட்டுகளும் இரண்டு ஹவாய் மெட்டுகளும். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் தெரிந்ததை வாசிப்போம்.

எனக்கும் கற்றுக்கொள்ள ஆசை. புதுக் கிட்டார் வாங்க வேண்டுமா?

வேண்டாம். வீட்டில் மூலையில் கிடக்கும் சாதாரண கிட்டாரே போதும். தலைப்பக்கத்தில் கம்பிகள் பதிந்திருக்கும் பட்டையின் (நட்) மேல் மாட்டுகிற, கம்பிகளைத் தூக்கிப் பிடிக்கும் சின்ன உலோகத் துண்டு ஒன்று பெரிய இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும். அதையும் ஒரு பாரையும் வாங்குங்கள். சுருதியைத் தடித்த கம்பியிலிருந்து ச ப ச க ப ச என்று வரும்படி சேர்த்துக்கொள்ளுங்கள், க என்பது இங்கே அந்தர காந்தாரம். வழக்கமான சுருதியிலிருந்து டி சுருதிக்கு இப்படி மாற்றும்போது நான்கு கம்பிகள் இறங்கும், இரண்டு அப்படியே நிற்கும், எதையும் ஏற்ற வேண்டியதில்லை. அதனால் கம்பி அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். சும்மா மீட்டினாலே இனிமையாக ஒலிக்கும்.

முதல் மாதம் ஒரே ஒரு கம்பியில் வாசியுங்கள். பாருக்குப் பின்னால் மற்ற விரல்களைக் கம்பி மேல் லேசாகப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் கிறீச்சொலி வரும். கைநடுக்கம் போல பாரை ஆட்டி ஒலிக்கு அசைவு கொடுக்க எல்லோருக்கும் ஆசை வரும். சுரம் சரியாக நிற்கும்வரை அதைத் தொடாதீர்கள். தப்பை மறைக்க ஆட்டுகிற பழக்கம் வந்துவிட்டால் போகவே போகாது.

எப்படி வருவது? சாப்பாடு உண்டா?

தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து பென்னாகரம் போகும் எந்தப் பஸ்ஸும் மண்டபம் வழியாகத்தான் போகும். சென்னைப் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள் மொரப்பூரில் இறங்கி பஸ் பிடிக்கலாம், பெங்களூர், ஓசூர்க்காரர்களுக்கு தர்மபுரி ஸ்டேஷனே இருக்கிறது. எட்டு மணிக்கு முடித்துவிடுவோம், மலை ஊர்க்காரர்கள் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இடைவேளையில் சுக்குக் காபியும் நிப்பட்டும். சாப்பாடு இல்லை.

எங்கள் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது. கச்சேரிக்கு வரும்போது யாராவது பார்ப்பார்களா?

தயவுசெய்து அதுவரை காத்திருக்க வேண்டாம். பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. தூங்கும் குழந்தையின் காதில் சின்னக் குழாய் வைத்துச் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார்கள், ஊசி கிடையாது, வலிக்காது. குக்கர் விசில் அடித்தும் திடுக்கிடவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒரு வயது ஆகியும் "ம்மா, ப்பா" வரவில்லை என்றால் உடனே போங்கள். பெற்றவர்கள் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் என்றால் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. "அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று பாட்டி சொல்வார், அதைக் கேட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். காப்பீட்டில் ஆபரேஷனுக்கு 6 வயது என்ற வரம்பு இருக்கிறது, மூளை பேச்சைப் பிடித்துக்கொள்வதும் அந்த வயதுக்குள்தான் சுலபம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை மூன்றின் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். கச்சேரிக்கு இன்னும் நாள் இருக்கிறது, நாளைக் காலை புறப்படுங்கள்.